ஊறுகாய்த் தண்ணீரும் ஒரு கொண்டை ஊசியும்

நார்த்தங்காய் ஊறுகாய்க்கு உப்பு கொஞ்சம் தூக்கலாகத்தான் போட வேண்டும். இந்த மலையின் ஈரக்காற்றில் கையை அடக்கிப் போட்டால் ஆடி பிறப்பதற்குள் பூஞ்சை பூத்துவிடும். நான் தாராளமாகவே போடுவேன். காய் ஊற ஊற ஜாடியில் தண்ணீர் மேலே ஏறி நிற்கும். அந்தத் தண்ணீரை என்ன செய்வது என்பதுதான் எந்தக் குடும்பப் பெண்ணுக்கும் தீராத தலைவலி. செடிக்கு ஊற்றினால் செடி செத்துப்போகும். வீணாகக் கொட்டவும் மனசு வராது.

காப்பி ஆறுகிறது, குடியுங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா. காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து நடந்தே ஏறி வந்திருக்கிறீர்கள், முகமெல்லாம் வாடிக் கிடக்கிறது. நீங்கள் கேட்டதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டு வருகிறேன். ஊறுகாயிலிருந்து ஆரம்பித்தால்தான் விஷயம் கோவையாக வரும். அதற்கு முன்னால், பலா மரத்தடியில் செல்லமுத்துவை உட்கார வைத்திருக்கிறீர்களே, அவன் கைக்கட்டை அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். அங்கே கட்டெறும்பு ஜாஸ்தி. சேந்தமங்கலத்தில் அவனைப் போல ஒரு மெக்கானிக் கிடையாது. அவன் வேலையில் ஒரு குறையும் இல்லை. குறை இருந்திருந்தால் என் வீட்டுக்காரரின் கால்கள் இன்றைக்கும் அவரிடமே இருந்திருக்கும்.

வீட்டுக்காரர் பேரை நான் சொல்லக் கூடாது. உங்கள் காகிதத்தில் மாரப்பன் என்று எழுதியிருக்கிறதாமே, அதுவே சரி. என் பேர் குழந்தையம்மாள். ஒரே மகள் ராசாமணியைப் புளியஞ்சோலைப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டோம். அதற்கப்புறம் எடப்புளி நாட்டில் வாங்கிப்போட்ட மிளகுத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இரண்டு பேரும் மலையேறி வந்தோம். இவ்வளவு பெரிய வீட்டில் நானும் அவரும் மட்டும். அவரும் என்று சொன்னது ஒரு பேச்சுக்குத்தான்.

அவர் கெட்டவர் இல்லை. கள் இல்லை, சூதாட்டம் இல்லை, இன்னொருத்தி இல்லை. இன்னொருத்தி இருந்திருந்தாலாவது முடியைப் பிடித்துச் சண்டை போட்டிருப்பேன். அவருக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது, அவ்வளவுதான். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் என்று என் மாமியார் சொல்வார். போதாக்குறைக்கு, ஜார்ஜ் ராஜா செத்த வருஷம் நிஜமாகவே நாலு சக்கரம் வாங்கிவிட்டார்.

கார் மலையேறி வந்த கதையை இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மலைக்கு ரோடு ஏது? அடிவாரத்தில் வைத்து அதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார்கள். மூங்கிலில் கட்டித் தோளில் சுமந்தார்கள். இஞ்சின் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம், நடுவில் கூண்டு மட்டும் கல்யாணப் பெண் பல்லக்கு மாதிரி ஆடி ஆடி வந்தது. முன்னால் தப்பட்டை வேறு. அதைத் திரும்பப் பூட்டி முடித்தபோது கையில் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. "வெள்ளைக்காரன் தாராளமாப் போட்டிருக்கான் புள்ள, இது உபரி" என்று சொல்லி அதைப் பலா மரப் பொந்தில் போட்டுவிட்டார். அது இல்லாமலேயே கார் ஓடியது. இங்கிருந்து சோளக்காட்டுச் சந்தை வரைக்கும் ஒரு மண் தடம் வெட்டினார். அவ்வளவுதான், காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வீட்டுக்கு வருவார். வந்ததும் சாப்பிடுவார், குறட்டை விடுவார்.

ஆனால் கல்லும் பள்ளமுமான தடத்தில் எந்தக் கார்தான் தாங்கும்? அச்சுக்கு மேலே அடுக்கியிருக்கும் வில்லுப் பட்டை அடிக்கடி உடையும். பிரேக் கம்பி நெகிழும். அப்போது அவரே கொட்டகையில் காரை மேலே தூக்கி, அடியில் கோணிச் சாக்கைப் போட்டுப் படுத்துக்கொள்வார். நான் முக்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பானர் எடுத்துக் கொடுப்பேன். உள்ளே அவர் முகம் தெரியாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்கள் மட்டும் தெரியும். அந்தக் கால்களோடு நான் எவ்வளவு பேசியிருப்பேன் தெரியுமா? மகள் எழுதியது, மாடு கன்று போட்டது, எங்கள் தோட்டத்தில் வேலை செய்யும் அத்தாயி வீட்டுச் சண்டை, எல்லாம். அவர் உம் கொட்டுவார். சில சமயம் சிரிப்பார். சிரிக்கும்போது கட்டைவிரல் ஆடும். ஐயா, கல்யாணமாகி எத்தனையோ வருஷத்தில் என் புருஷனோடு நான் குடித்தனம் பண்ணியது அந்தக் கொட்டகையில்தான்.

அதனால் பழுது பார்க்கும் நாட்கள் எனக்குத் திருவிழா. பழுது சரியானால் எனக்கு வீடு வெறிச்சோடும். இது யாருக்கும் புரியக்கூடிய விஷயம்தானே?

ஒரு நாள் ஊறுகாய் ஜாடி கைதவறிச் சாய்ந்து, கொட்டகையில் வைத்திருந்த வில்லுப் பட்டை மேல் தண்ணீர் கொட்டிவிட்டது. நான் வேண்டுமென்று செய்யவில்லை, சாமி சத்தியம். கொஞ்ச நாள் கழித்து அவர் அதன் போல்ட்டைக் கழற்றப் பார்த்தார். அசையவில்லை. துரு பிடித்து போல்ட்டும் நட்டும் ஒன்றாக ஒட்டிப்போயிருந்தது. விளக்கெண்ணெய் விட்டு ஊற வைத்தார். சுத்தியலால் தட்டினார். அடுப்புக் கரியைக் கொட்டித் துருத்தி வைத்துச் சிவக்கச் சுட்டார். ஸ்பானர் வழுக்கி நட்டின் மூலையெல்லாம் மழுங்கிப் போனது. கடைசியில் ஸ்பானர் பிடியில் நீள இரும்புக் குழாயைச் செருகி, அத்தாயியின் புருஷன் செங்கோடனை அதில் தொங்கச் சொன்னார். செங்கோடன் தொங்கினான். போல்ட்டு உடைந்தது, செங்கோடன் கோழிக் கூண்டு மேல் போய் விழுந்தான். அத்தாயி காருக்குக் கண்ணு பட்டுவிட்டது என்று வேப்பிலை அடித்தாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. ஒரு வாரத்துக்கு மேல் அவர் வீட்டை விட்டு நகரவில்லை.

அதற்கப்புறம் ஊறுகாய்த் தண்ணீரை என்ன செய்வது என்ற தலைவலி எனக்குத் தீர்ந்தது.

அவர் தூங்கும் மத்தியான நேரத்தில் ஒரு கரண்டி. இந்த நட்டுக்கு ஒரு சொட்டு, அந்த நட்டுக்கு ஒரு சொட்டு. பூச்செடிக்கு ஊற்றுவது மாதிரிதான். எந்த போல்ட்டு எதைப் பிடித்திருக்கிறது, எது கழன்றால் என்ன ஆகும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. சாக்கில் படுத்தபடி அவரே சொல்லிக் கொடுத்தது. கார் ஓடும் நாட்கள் குறைந்தன. அவர் திட்டினார், மலைக் காற்றைத் திட்டினார், வெள்ளைக்கார இரும்பைத் திட்டினார். என்னை ஒரு நாளும் திட்டியதில்லை. "நீ இல்லாட்டி இந்த வேலைய நான் ஒருத்தனாச் செய்ய முடியுமா புள்ள" என்று சொன்னார். அன்றைக்கு அவருக்கு அரிசிப் பாயசம் வைத்தேன்.

சந்தையில் அவருக்குக் கூட்டாளி ஒருவர் உண்டு, சின்னுசாமி என்று. உங்களிடம் செல்லமுத்து மேல் பிராது கொடுத்தவரும் அவரேதான். கார் ஓடாமல் கிடப்பதை யாரோ அவர் காதில் போட்டு, செல்லமுத்துவை மலைக்குக் கூட்டி வந்துவிட்டார். நல்ல பையன், வாய்தான் கொஞ்சம் நீளம். காருக்கு அடியில் போனான். போன வேகத்தில் தலையை வெளியே நீட்டினான்.

"ஏனுங்க அக்கா, இந்த போல்ட்டுல ஊறுகா வாசம் அடிக்குதுங்களே?"

"சாப்புட்டுப்போட்டுக் கைய நல்லாக் கழுவுனயா கண்ணு?" என்றேன்.

கையை மோந்து பார்த்துக்கொண்டான். என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, நிஜமாகவே வந்தது.

ஆனால் வேலைக்காரன் ஐயா. சுட்டான், எண்ணெய் விட்டான், மெல்ல முன்னும் பின்னும் அசைத்தான், பல்லைக் கடித்துக்கொண்டு முரண்டு பிடித்த போல்ட்டெல்லாம் அவன் கைக்குப் பசுமாடு மாதிரி இளகிக் கொடுத்தது. பொழுது சாய்வதற்குள் அத்தனையும் கழற்றிச் சுத்தம் பண்ணி, கிரீஸை அப்பு அப்பென்று அப்பித் திரும்பப் பூட்டிவிட்டான். பிரேக் கம்பியைப் பிடிக்கும் போல்ட்டில் மட்டும் ஒரு சிக்கல். நட்டு தானாகச் சுழன்று கழன்றுவிடாமல் இருக்கக் குறுக்கே ஒரு சின்ன ஊசியை விட்டு மடக்க வேண்டுமாம். பழைய ஊசி ஒடிந்துவிட்டது, புதுசு அவனிடம் இல்லை. சேந்தமங்கலம் போய் எடுத்துவர வேண்டும் என்றான். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதி.

என் வீட்டுக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். அப்புறம் நேரே என்னிடம் வந்தார். கையைத் தூக்கி, என் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவினார்.

கல்யாணமான புதிதில்கூட அவர் என் கொண்டையில் கை வைத்ததில்லை ஐயா. கொண்டை அவிழ்ந்து முதுகில் விழுந்தது. செல்லமுத்து பக்கத்தில் நிற்கிறான், எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த ஊசி அளவெடுத்துச் செய்தது போல நட்டில் நுழைந்தது. அவர் அதன் இரண்டு முனையையும் மடக்கிவிட்டு, "பாத்தயா, இனி உன்ற கொண்டை ஊசியிலதான் என்ற உசுரு நிக்குது புள்ள" என்றார்.

அதைவிட ஒரு பெண்ணுக்கு என்ன வேண்டும்? அன்றைக்கெல்லாம் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

மறுநாள் விடிந்ததும் அவர் போய்விட்டார். அதற்கு மறுநாளும். செல்லமுத்து பார்த்த வேலை அப்படி, கார் முனகக்கூட இல்லை. நான் என் கரண்டியோடு போய்ப் பார்த்தேன். கிரீஸ் மேல் ஊறுகாய்த் தண்ணீர் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு கீழே விழுந்தது. எத்தனை ஊற்றியும் பிடிக்கவில்லை. அந்த முக்காலியில் தனியாக உட்கார்ந்துகொண்டு, கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தைப் பார்த்தேன். வெறும் சாக்குதான் கிடந்தது. அழுகை வந்தது. மறைப்பானேன், நன்றாகவே அழுதேன்.

அத்தாயியிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தால், "ஆம்பளைன்னா அப்படித்தானுங்க சாமி, எங்கூட்டு ஆளு ஊட்டுலயே கெடக்குது, வெளிய போனாப் போதும்னு இருக்குது" என்கிறாள். ஒருத்திக்குக் கிடைப்பது இன்னொருத்திக்கு இனிப்பதில்லை.

இருந்தாலும் நான் பொறுத்துக்கொண்டேன். ஆடிப் பதினெட்டுக்கு அறப்பளீசுவரர் கோயிலுக்கு என்னைக் காரில் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தார். சும்மா சொன்னதில்லை, சோற்றில் கை வைத்துச் சொன்னார். அன்றைக்கு விடியவே குளித்து, கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டேன். தலையில் பூ வைத்தேன். அவர் வந்து பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இன்னிக்கு முடியாது புள்ள. சின்னுசாமியும் அவங்கூட்டாளிகளும் வாராங்க, சந்தையில ஏத்திக்கறேன்னு வாக்குக் குடுத்துட்டேன். கார்ல எடமில்ல. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"சரிங்க" என்றேன்.

வேறென்ன சொல்ல? நான் சண்டைக்காரி இல்லை. அவர் தலைப்பாகை கட்ட உள்ளே போனார். நான் கண்ணாடியில் பார்த்தேன். கொண்டை ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. பூ நிற்கவில்லை. ஒரு ஊசி குறைந்தால் கொண்டை நிற்காது, பெண்பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். அது என் ஊசி ஐயா. என் அம்மா வீட்டிலிருந்து கொண்டு வந்தது. கொட்டகைக்குப் போய்ச் சாக்கில் படுத்து உள்ளே நகர்ந்து, மடக்கிய முனையை நிமிர்த்தி, என் ஊசியை நான் எடுத்துக்கொண்டேன். என் பொருளை நான் எடுப்பது திருட்டாகுமா? பட்டுச் சேலையில் பட்ட கிரீஸ் கறை மட்டும் இன்னும் போகவில்லை.

நீங்கள் கெட்டிக்காரர், தலையை ஆட்டுகிறீர்கள். ஊசி ஒன்று போனதால் மட்டும் அன்றைக்கே நட்டு கழன்றுவிடாது என்று செல்லமுத்துவும் சொல்லியிருப்பான். வாஸ்தவம். ஊசி வந்த பிறகு, பக்கத்தில் இருந்த ஸ்பானரை எடுத்து ஒரு திருப்புத் திருப்பினேன். இத்தனை நாளும் எல்லாரையும் அழ வைத்த நட்டு, விரலாலேயே சுழன்று வந்துவிட்டது. செல்லமுத்து போட்ட கிரீஸ் அப்படி. இறுக்கத் தெரிந்தவளுக்கு அன்றைக்குத் தளர்த்துவதும் எவ்வளவு சுலபம் என்று தெரிந்தது. நட்டு இதோ, என் சுருக்குப் பையில்தான் இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள். நட்டு இல்லாத போல்ட்டு குலுங்கிக் குலுங்கி வெளியே வந்துவிடும், அதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். கை பிரேக் என்று ஒன்று உண்டு, அந்தக் காரில் அது அழகுக்கு.

ஆனால் அவரைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைத்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த மாதிரி எண்ணமெல்லாம் எனக்கு வராது. தடம் முதலில் இறங்குவது அத்தாயியின் மரவள்ளிக் காட்டை ஒட்டி. மண் மெத்து மெத்தென்று இருக்கும், கார் அதில் போய்ப் புதைந்து நிற்கும், பழுது பார்க்க ஒரு மாதமாவது ஆகும் என்றுதான் கணக்குப் போட்டேன். சந்தைக்கு இந்தப் பக்கமே அந்த இறக்கம் வருகிறது, அதனால் கூட்டாளிகள் யாரும் ஏறியிருக்க மாட்டார்கள். அத்தனையும் யோசித்தேன். காட்டு ஓரத்தில் செங்கோடன் கல்வேலி போட்டிருந்தது மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. வந்திருக்க வேண்டும்தான், அந்த வேலிக்குக் கல் கொடுத்ததே நாங்கள்தான்.

கார் புரண்ட சத்தம் வீட்டுக்கே கேட்டது. நான் மெதுவாக நடந்து போனேன், பட்டுச் சேலையில் ஓட முடியாது. வேலிக்கு இந்தப் பக்கம் வந்தபோது அவர் கத்துவது கேட்டது.

"குழந்தை! குழந்தையம்மா!"

ஐயா, எங்கள் பக்கத்தில் ஆம்பிளைகள் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம். ஏ புள்ள, இந்தா, அவ்வளவுதான். என் பேர் அவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்றே எனக்குச் சந்தேகம் இருந்தது. இப்போது மலை முழுக்கக் கேட்கிற மாதிரி என் பேரைச் சொல்கிறார். அம்மாவைக் கூப்பிடவில்லை, சாமியைக் கூப்பிடவில்லை, என்னைத்தான் கூப்பிட்டார். நான் வேலிக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், காதுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. அந்த நேரத்தைத்தான் சேலத்து டாக்டர் பெரிசு படுத்தினார். கால் மேல் கிடந்த காரைச் சீக்கிரம் தூக்கியிருந்தால் ஒரு காலையாவது காப்பாற்றியிருக்கலாமாம். டாக்டர்கள் எதையாவது சொல்வார்கள்.

டோலி கட்டித் தூக்கிப் போனோம், டோலியிலேயே திரும்பவும் கொண்டு வந்தோம். இப்போது உள்ளே ஜன்னலோரக் கட்டிலில்தான் இருக்கிறார். முக்காலியை அங்கே கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். காலையிலிருந்து இரவு வரைக்கும் பேச்சுதான். மகள் கதை, மாட்டுக் கதை, எல்லாம் சொல்கிறேன். உம் கொட்டுகிறார். கட்டைவிரல் ஆடுவதைப் பார்க்க முடியாது, அது ஒன்றுதான் குறை.

கேளுங்கள், இப்போதுகூடக் கூப்பிடுகிறார்.

"இதோ வாரேனுங்க! ஆபீசர் ஐயாகிட்டப் பேசிட்டு இருக்கேன்!"

செல்லமுத்துவை விட்டுவிடுங்கள். பாவம், அவருக்குச் சக்கரம் வைத்த நாற்காலி ஒன்று செய்து தருகிறேன் என்றிருந்தான். எல்லா இடத்திலும் போல்ட்டு வைத்து, பலமாக. செய்யட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த வருஷம் நார்த்தங்காய் நல்ல காய்ப்பு.

நான் உங்களோடு ஸ்டேஷனுக்கு வர வேண்டுமா? வருகிறேன், எனக்கென்ன பயம். ஆனால் நான் வந்துவிட்டால் அவரை யார் பார்த்துக்கொள்வது? வேறு யார் கையாலும் அவர் சாப்பிடமாட்டார் என்று நினைக்கிறேன். அந்த ஊசி இதோ, இப்போதும் என் கொண்டையில்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில், தலை வாரும்போது ஒரு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மடக்கி நிமிர்த்திய இடத்தில் ஊசியில் ஒரு சின்னக் கோணல் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டார். "இது... கெடச்சிருச்சா?" என்றார். "என்ற ஊசிதானுங்களே" என்றேன். என் கொண்டையை அவ்வளவு நேரம் அவர் பார்த்து நான் கண்டதில்லை.

அன்றைக்கு மாறியவர்தான் ஐயா. ஏ புள்ள, இந்தா எல்லாம் போயிற்று. வாய்க்கு வாய் "குழந்தையம்மா, வாங்க" என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார். நான் எழுந்தால் அவர் கண் என் பின்னாலேயே வருகிறது. சோறோ காப்பியோ, எதைக் கொடுத்தாலும் முதலில் என்னை ஒரு வாய் சாப்பிடச் சொல்லி, கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதற்கப்புறம்தான் வாங்கிக்கொள்கிறார். புதுமாப்பிள்ளைகூட இவ்வளவு ஆசையாக இருக்கமாட்டான்.